சாகாமலிருக்கும் தம்பியைப் பார்க்கப் போனது

விமானம் தில்லிக்கு மேலே மூன்றாவது முறை வட்டமடித்தபோது பக்கத்து இருக்கைப் பெண் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைக்கத் தொடங்கினாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே ஊர் என்று ஒன்று இல்லை. பழைய தலையணையைக் கிழித்துக் கொட்டியதுபோல அழுக்கு வெண்மைதான் தெரிந்தது. விமானி இந்தியில் நீளமாகவும் ஆங்கிலத்தில் சுருக்கமாகவும் ஏதோ அறிவித்தார். பொறுமையாக இருக்கச் சொல்கிறார் என்பது மட்டும் புரிந்தது. என்னிடம் இல்லாத சரக்கு அது.

என் தம்பி செல்வின் போனில் சொன்னது இவ்வளவுதான். "அக்கா, ஒரு விஷயம் கேக்கணும். போன்ல கேக்க முடியாது. நேர்ல வா."

எங்கள் வீட்டில் இப்படிக் கூப்பிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். "உடம்புக்கு என்னல?" என்றேன்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. அதப் பத்தித்தான் பேசணும்."

எங்கள் அப்பா நாற்பத்தெட்டு வயதில் இறந்துபோனார். தூத்துக்குடியிலிருந்து தங்குகடலுக்கு, நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போனவர். கரையிலிருந்து வெகுதூரத்தில், வள்ளத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். செல்வினுக்கு இந்த நவம்பர் கடைசியில் நாற்பத்தெட்டு முடிகிறது. நான் அந்த வயதைத் தாண்டிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. தாண்டிய வருடம் முழுக்க வாசலுக்கும் அடுப்படிக்குமாகக் காரணமில்லாமல் நடந்துகொண்டிருந்தேன். அவனுக்கும் அப்படித்தான் ஏதோ என்று நினைத்து, நவம்பர் தொடக்கத்தில் கல்லறைத் திருநாள் முடிந்த வாரமே கிளம்பிவிட்டேன்.

விமானம் ஒருவழியாக இறங்கியது. விமான நிலையத்திலிருந்து துவாரகா பக்கம்தான். ஆனால் அங்கே ஒரே மாதிரிப் பெயருள்ள குடியிருப்புகள் எத்தனை இருக்கின்றன என்று டாக்ஸிக்காரருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இறக்கிவிட்ட இடத்தில் காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கேள்வியே கேட்காமல் நான்காவது மாடிக்கு அனுப்பினார். கதவைத் திறந்த அம்மாள் சிரித்து, உள்ளே அழைத்து, நேராகச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய் என் கையில் ஒரு காலிஃபிளவரைக் கொடுத்தார். "சாம்பார் நன்றாக வருமா?" என்று இந்தியில் கேட்டார். புதிதாக வரவிருந்த மதராஸி சமையல்காரி என்று என்னை நினைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் விளக்கியதும், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்து, சரியான குடியிருப்புக்கு ரிக்‌ஷாவும் பிடித்துக் கொடுத்தார். தில்லியில் எனக்குக் கிடைத்த முதல் சாப்பாடு அந்த டீதான். அதற்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் தம்பி வீட்டில் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டிருந்தது.

"நாலரைக்கு மேல நாங்க கிச்சன மூடிருவோம்க்கா," என்றான் செல்வின், நான் பெட்டியைக் கீழே வைப்பதற்குள். "உள்ள வர்றதுக்கு முன்னாடி அந்த மாஸ்க்கை இந்த டப்பால போட்டுரு. கதவ ஜல்தி மூடு."

அறைக்கு ஒன்றாகக் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. நான் உள்ளே வந்ததும் கூடத்து இயந்திரத்தில் பச்சை விளக்கு ஆரஞ்சானது. என்னோடு வந்த தில்லிக் காற்றை அது கண்டுபிடித்துவிட்டதாம். செல்வின் மெலிந்திருந்தான். மேல்கையில் ரூபாய் நாணயம் அளவில் வெள்ளை வில்லை ஒன்று ஒட்டியிருந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்குவதை அது போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். மணிக்கட்டில் கடிகாரம், விரலில் ஒரு கறுப்பு மோதிரம். எல்லாம் அவனைக் கவனித்துக்கொண்டிருந்தன. ஒரு பெரிய நிதி நிறுவனத்தில் இடர்களை மதிப்பிடும் வேலை அவனுக்கு. இப்போது தன்னையே மதிப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அவன் குளிர்ந்த நீரில் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவன் மனைவி வித்யா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். தோசைக்கல் ஏற்கெனவே காய்ந்திருந்தது.

"சாப்பிடுங்கக்கா. புகை போக்கி ஓடுது, அவருக்குத் தெரியாது," என்றாள். வித்யா தில்லி மோதி பாக் அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். அவள் தமிழில் பாதி இந்தி, அதில் ஒரு தனி இனிமை உண்டு. "அவர் உங்ககிட்ட ஒண்ணு கேக்கப் போறார். ப்ளீஸ், ஹான்னு ஒத்துக்காதீங்க."

"என்னன்னு சொல்லேன்."

"அவரே சொல்லட்டும். நான் சொன்னா எனக்குச் சிரிப்பு வரும், அப்புறம் அழுகை வரும்." மாவை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "போன வருஷம் எங்கேயும் போகல. மலைப்பக்கம் கூட இல்ல. ரோடு ரிஸ்க்காம். அவரோட ஃப்ரெண்ட்ஸ் யாரும் இப்ப வீட்டுக்கு வர்றதில்ல. யார் இருமினாலும் ஒரு மாதிரி பார்க்கறார், யார் வருவா?"

மூன்று தோசை சாப்பிட்டேன். திருட்டுச் சாப்பாட்டுக்கு ருசி அதிகம்.

மறுநாள் காலை பூங்காவில்தான் கேட்டான். காற்று ஓரளவு பரவாயில்லை என்று போன் சொன்னதால் மாஸ்க்கோடு நடக்க அனுமதி கிடைத்திருந்தது. மரங்களின் இலைகளெல்லாம் பொடி பூசியதுபோல் இருந்தன. ஒரு கூட்டம் வட்டமாக நின்று, கையைத் தூக்கி, உடம்புக்கு நல்லது என்று சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"நான் செத்தா புதைக்கக் கூடாதுக்கா," என்றான்.

"எரிக்கணுமா? வித்யா வழக்கப்படியா?"

"எரிக்கவும் கூடாது. ஐஸ்ல வைக்கணும்."

வெளிநாட்டில் ஒரு நிறுவனம் இருக்கிறதாம். உயிர் போனதும் உடம்பைக் குளிர்வித்து அவர்களிடம் சேர்த்துவிட வேண்டும். அவர்கள் ரத்தத்தை எடுத்துவிட்டு, வேறொரு திரவத்தை ஏற்றி, உறைய வைத்துக் காப்பாற்றுவார்கள். நூறோ இருநூறோ வருடம் கழித்து மருத்துவம் வளர்ந்தபின் எழுப்புவார்கள். அவன் எல்லாம் பேசி முடித்துவிட்டான். இங்கிருந்து ஏற்றி அனுப்ப மட்டும் நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டும். வித்யா முடியாது என்றுவிட்டாள்.

"உனக்குத்தான் இது தெரியும்க்கா. டெம்பரேச்சர் எங்க தப்பும், ஏர்போர்ட்ல எவன் வெயில்ல போட்டு வைப்பான், எல்லாம் தெரியும்."

நான் தூத்துக்குடியில் உறைந்த இறால் ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். கன்டெய்னர் கிளம்பியதிலிருந்து அக்கரை போய்ச் சேரும்வரை குளிர் தப்பாமல் பார்ப்பது என் பிழைப்பு. என் சொந்தத் தம்பி என்னை எதற்குத் தேர்ந்தெடுத்திருக்கிறான் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது.

"ஏல, நீ என்ன இறாலா?"

அவன் சிரிக்கவில்லை. "அப்பாவ வள்ளத்து ஐஸ் பெட்டிலருந்து எடுத்தாங்கல்ல. நீ முகத்தப் பாத்தியா? ஒண்ணுமே ஆகல. தூங்குத மாதிரி இருந்தாங்க. அத்தன நாள் கழிச்சும். அன்னைக்கு வெறும் கட்டி ஐஸு, மரப்பெட்டி. இன்னைக்கு இருக்க டெக்னாலஜி அன்னைக்கு இருந்திருந்தா..."

அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. எனக்குப் பதினாறு. அந்தப் பெட்டியைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் அதன்பிறகு பேசியதே இல்லை. இவன் அதை இத்தனை வருடமாகத் தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"நம்ம கோயில் பூசைலயும் அதத்தானக்கா வாரா வாரம் சொல்லுதோம்," என்றான். "உடம்பு எந்திரிக்கும்னு. நான் அத நம்புதேன். கொஞ்சம் ஏற்பாடும் பண்ணுதேன். அவ்வளவுதான்."

"எந்திரிச்சு என்ன பண்ணுவ?"

மாஸ்க்குக்கு மேலே அவன் கண்கள் என்னைப் பார்த்தன. "எந்திரிச்சப்பறம் பாத்துக்கலாம்."

எழுந்துவிட்டேன். கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று அவனை வீட்டுக்கு அனுப்பினேன். அந்த ஊரில் நான் நடந்த நடையில் ஒரு ஒழுங்கும் இல்லை. ஒரு இ-ரிக்‌ஷாவில் ஏறினேன், அது எங்கே போகிறதென்று கேட்காமல். சந்தை ஒன்றின் முன்னால் எல்லோரும் இறங்கினார்கள், நானும் இறங்கினேன். கரி அடுப்பில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் துண்டு போட்டு, மசாலா தூவி, எலுமிச்சை பிழிந்து, இலைத் தொன்னையில் கொடுத்தார் ஒருவர். எங்கள் ஊரில் அவித்த கிழங்கு சாயங்காலப் பசிக்கு. இங்கே அது புளித்து, உறைத்து, இனித்து, நாக்கைக் குழப்பியது. இன்னொரு தொன்னை வாங்கினேன்.

பக்கத்து வங்கி வாசலில் இரண்டு பெரியவர்கள் வெயிலுக்காகக் காத்திருந்தார்கள். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் நவம்பரில் தாங்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். இந்தியில்தான் பேசினார்கள், ஆனால் அலுவலக இந்தி எனக்குக் கொஞ்சம் புரியும்.

"கட்டைவிரல் வைத்தேன். பொருந்தவில்லை என்கிறது மெஷின்."

"அப்படியென்றால் நீ செத்துவிட்டாய்."

"அதைத்தான் நானும் கேட்டேன். ஈரத்துணியில் துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள் என்கிறாள் அந்தப் பெண்."

இருவரும் சிரித்தார்கள். ஒருவர் தன் கட்டைவிரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ரேகை தேய்ந்துபோயிருந்தது. "அடுத்த வருடமும் வர வேண்டுமா?" என்று அவர் கேட்டார். மற்றவர், "வராமல் உனக்கு வேறு என்ன வேலை இருக்கிறது?" என்றார். கேலியாகத்தான் சொன்னார், ஆனால் கேட்டவர் கட்டைவிரலைச் சட்டையில் தேய்த்துத் துடைத்துக்கொண்டார். அந்தக் கேள்வி கிழங்கோடு சேர்ந்து எனக்குள் இறங்கிவிட்டது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மற்றவர்கள் சாப்பிடப் போகும் இறாலைக் குளிரிலேயே வைத்திருப்பதற்காக நாள்தோறும் எழுந்திருக்கிறேன். தம்பியிடம் எழுந்து என்ன செய்வாய் என்று கேட்ட வாய்க்கு, நாளைக்கு நீ எழுந்து என்ன செய்வாய் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை.

அன்று மாலை ரியாவோடு வெளியே போனேன். ரியா செல்வினின் மகள், பத்தாம் வகுப்பு. தென் தில்லியில் அவளுக்கு டியூஷன். வகுப்புக்குப் பக்கத்தில், வீடுகளுக்கு நடுவே, குவிமாடம் வைத்த பழைய கட்டடம் ஒன்று நின்றது. அதன் படியில் பையன்கள் கிரிக்கெட் பையைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"இது யாரோட சமாதி?"

"யாருக்கும் தெரியாது அத்தை. போர்டுல பேரே இல்ல. யாரோ பெரிய ஆள்தான். இவ்ளோ பெருசா கட்டியிருக்காங்களே." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பா சொல்லிட்டாரா உங்ககிட்ட?" என்றாள்.

"சொன்னான்."

"எனக்கு ஓகேதான். அவர் பாடி, அவர் இஷ்டம். பட் அத்தை, அவருக்கு என் போர்டு எக்ஸாம் எப்பன்னு தெரியாது. கேட்டுப் பாருங்க." தமிழில் சொல் தேடி நின்றாள். "இருநூறு வருஷம் கழிச்சு என்ன நடக்கும்னு தெரியுது. மார்ச்ல என்ன நடக்கும்னு தெரியல. அஜீப் ஹை நா?" விசித்திரமாக இல்லையா என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போகவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். செல்வினுக்கு விருப்பமில்லை. கூட்டம், இருமல். அதோடு காற்று மோசமான நாட்களில் அவனுடைய டீசல் காரை வெளியே எடுக்கவும் கூடாது. "தனியா போயிருவேன்," என்றேன். முதல் நாள் காலிஃபிளவர் கதையை வித்யா ஞாபகப்படுத்தினாள். அவன் இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு என்னோடு மெட்ரோவில் ஏறினான்.

ரயில் மாறும் நிலையத்தில், கூட்டத்தின் நடுவே, எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த ஒருவர் நின்றார். எதையோ மறந்துவிட்டவர்போல் திரும்பிப் பார்த்தார். பிறகு அப்படியே மடிந்து விழுந்தார். துணிப்பையிலிருந்து முள்ளங்கிகள் இலையோடு நடைமேடையில் உருண்டன.

கூட்டம் விலகி வட்டமானது. போன்கள் உயர்ந்தன. நான் குனிந்து அவர் கையைப் பிடித்தேன், வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அதற்குள் செல்வின் முட்டி போட்டிருந்தான். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தான். ஸ்வெட்டரைத் தூக்கி, இரண்டு கையையும் கோத்து, நெஞ்சின் நடுவில் அமுக்கத் தொடங்கினான். மூச்சு முட்டியிருக்க வேண்டும். இரண்டு மாஸ்க்கையும் பிடுங்கி எறிந்தான். "ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க! ஸ்டேஷன்காரங்கள வரச் சொல்லுங்க!" என்று இந்தியில் கத்தினான். அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

இந்த முதலுதவியை அவன் வகுப்புக்குப் போய்க் கற்றிருந்தான். தனக்கு ஏதாவது ஆனால் வித்யா செய்ய வேண்டும் என்று அவளையும் அழைத்துப் போயிருந்தான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கற்றது. ஆனால் அதைத் தனக்குத் தானே யாரும் செய்துகொள்ள முடியாது.

ஏதோ முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. "விலா எலும்புக்கா, பரவாயில்ல," என்றான், நிறுத்தாமல். அவன் நெற்றியிலிருந்து வியர்வை அந்த மனிதரின் சட்டையில் சொட்டியது. நிலையத்து ஆட்கள் வந்தார்கள். மின்சார அதிர்ச்சி கொடுக்கும் பெட்டி வந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. அவருடைய போன் சட்டைப் பையில் அடித்துக்கொண்டே இருந்தது. கூட்டத்திலிருந்த ஒரு பெண் எடுத்துப் பார்த்து, "வீடு என்று போட்டிருக்கிறது," என்றாள். அவளே பேசி, எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னாள். நாங்கள் இருவரும் ஆம்புலன்ஸில் ஏறிவிட்டோம். ஏன் ஏறினோம் என்று யோசிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் கொஞ்ச நேரம்தான். டாக்டர் வெளியே வந்து, போய்விட்டார் என்று தலையை அசைத்தார். நாங்கள் உறவுக்காரர்கள் என்று நினைத்து செல்வினின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

"போலாம்ல," என்றேன்.

"யாராவது வரணும்லக்கா. தனியா கெடப்பாரு."

நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தோம். இருமுகிறவர்கள், கட்டுப் போட்டவர்கள், தரையில் கம்பளி விரிக்க இடம் தேடியவர்கள், எல்லோரும் எங்கள் காலை மிதித்துக்கொண்டு போனார்கள். செல்வின் மாஸ்க்கைத் தேடவில்லை.

"அப்பாவையும் நான் இப்படித்தான் உலுக்குனேன்," என்றான். "தோளப் பிடிச்சு. கண்ண முழிச்சிருவாங்கன்னு நெனச்சேன். நீங்கள்லாம் சும்மா அழுதுக்கிட்டு நிக்கீங்க, யாரும் எழுப்பவே இல்லையேன்னு கோவம் வந்துச்சு. அப்பறம் சித்தி என்னத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"ஆமா. நீ பாத்தது காலைல."

"ம்."

"சாயங்காலத்துக்குள்ள ஐஸெல்லாம் உருகிட்டுல. முகம் மாறிட்டு. அம்மாவும் சித்தப்பாவும்தான் குளிப்பாட்டுனாங்க. நான் தண்ணி மொண்டு குடுத்தேன். சோப்பு போடும்போது அம்மா அப்பா கைய விரிச்சு விரிச்சுப் பாத்தாங்க, விரிக்க வரல. ரொம்ப நேரம் முயற்சி பண்ணுனாங்க. அப்பறம் விட்டுட்டாங்க. அப்பத்தான் அம்மாவுக்குத் தெரிஞ்சுது. எனக்கும் அப்பத்தான் தெரிஞ்சுது. அப்பா தூங்கலல, செல்வின். உன்னைய மட்டும்தான் யாரும் தொட விடல."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கிட்ட யாருமே சொல்லல," என்றான், பன்னிரண்டு வயதுக் குரலில். நான் அவன் முதுகில் கையை வைத்தேன். சட்டைக்குள் எலும்பு தட்டியது.

அந்த மனிதரின் மனைவி சால்வை போர்த்திக்கொண்டு, பக்கத்து வீட்டு இளைஞன் ஒருவனோடு வந்தார். இறந்தவர் பெயர் ஓம்பிரகாஷ் என்று அப்போதுதான் தெரிந்தது. மகள் வீட்டுக்கு முள்ளங்கிப் பரோட்டா செய்ய முள்ளங்கி வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தாராம். அந்த அம்மாள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து எங்கள் முன்னால் நின்றார். அழவில்லை.

"நீங்கள்தான் கூட இருந்தீர்களா?"

செல்வின் எழுந்து நின்றான். "ஆமாம், அம்மா. என்னால் முடிந்ததைச் செய்தேன்."

"ஏதாவது சொன்னாரா?"

"இல்லை. நினைவே வரவில்லை."

"யாராவது அவர் கையைப் பிடித்திருந்தார்களா? கூட்டத்தில் என் கையைத்தான் பிடித்துக்கொள்வார். விட்டால் பயம்."

செல்வின் என்னைப் பார்த்தான். "என் அக்கா பிடித்திருந்தார்," என்றான். "கடைசிவரைக்கும்."

அந்த அம்மாள் என் வலக்கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். திருப்பிப் பார்த்தார், அதில் கணவருடையது ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடுவதுபோல. பிறகு அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அப்போதுதான் அழுகை வந்தது. நான் சொன்னதெல்லாம் தமிழில்தான் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

வெளியே வந்தபோது பூசை எப்போதோ முடிந்திருக்கும். வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தள்ளுவண்டியில் சோலே குல்ச்சா விற்றுக்கொண்டிருந்தார்கள். செல்வின் போய் இரண்டு தட்டு வாங்கி வந்தான். சாப்பிடும் நேரம் முடிந்திருந்தது. பேருந்துப் புகைக்கு நடுவில் நின்றுகொண்டு கொண்டைக்கடலையை அள்ளி அள்ளித் தின்றான். மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிந்தது. "காரம்," என்றான். கையில் கட்டியிருந்த கடிகாரம் இரண்டு முறை அதிர்ந்தது. அதைப் பார்க்கவில்லை.

இதோடு அவன் மாறிவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். மறுநாள் காலை எழுந்து வந்தபோது மாத்திரைகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தான். சோலே குல்ச்சாவுக்குத் தண்டனையாக அன்று ஒருவேளைதான் சாப்பிடுவானாம். ரியாவிடம் மட்டும், "ஏட்டி, உனக்குப் பரீட்சை எப்ப?" என்று கேட்டான். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். நான் எதையும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

வித்யா என் பெட்டியில் ரேவடியும் கஜக்கும் திணித்தாள், எள்ளும் வெல்லமும் சேர்த்துச் செய்த குளிர்கால இனிப்புகள். "கேட்டாரா மறுபடி?" என்று கண்ணாலேயே கேட்டாள். இல்லை என்று தலையசைத்தேன். "அவர் போனா நான் அழணும்க்கா," என்றாள் மெதுவாக. "கன்டெய்னர் புக் பண்ண முடியாது என்னால."

விமான நிலையத்துக்கு டாக்ஸியில் செல்வினும் வந்தான். பாதி வழியில்தான் வாயைத் திறந்தான்.

"நீ இன்னும் பதில் சொல்லல."

"நான் உனக்கு மூத்தவ. நான்தான் முன்னாடி போவேன். வேற ஆளப் பாரு."

"அப்ப நீயும் சேந்துக்க."

"எங்க? ஐஸுக்கா?"

"அங்க எந்திரிச்சா எனக்கு யாரத் தெரியும்க்கா?" ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வித்யா வர மாட்டா. ரியாகிட்டக் கேக்க முடியாது. புது ஊரு, புது ஆளுக. நீயாவது இருந்தா, ஏலன்னு கூப்பிட ஒரு ஆளு இருக்கும்."

இதைக் கேட்கத்தான் என்னை இத்தனை தூரம் வரவழைத்திருக்கிறான். ஏற்றி அனுப்ப மட்டும் என்றால் போனிலேயே கேட்டிருப்பான். எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் அது வேறாக மாறியது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

"நான் வரல, செல்வின்," என்றேன். "எனக்கு இந்த ஒரு தடவையே நெறைய இருக்கு. இதையே என்ன பண்ணன்னு தெரியாமத்தான் வீட்டுக்குள்ள நடந்துக்கிட்டு இருக்கேன்."

அவன் ஜன்னல் கண்ணாடியை விரலால் துடைத்தான்.

"உன்னைய ஐஸ்லயும் வைக்க மாட்டேன். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, எங்க இருந்தாலும் வந்து, நானே உன்னைக் குளிப்பாட்டுவேன். வெந்நி வச்சு. இது வாக்கு. வேற வாக்கு எங்கிட்ட இல்ல."

வண்டி பாலத்தில் ஏறி இறங்கியது. விமானங்கள் தலைக்கு மேலே தாழப் பறந்து புகைக்குள் மறைந்தன. இறங்கி, பெட்டியை எடுத்து வைத்து, நுழைவாயிலில் பாதுகாப்புக்காரர் அவனுக்கு அனுமதியில்லை என்று நிறுத்தும்வரை கூடவே வந்தான்.

"பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடுதியா?" என்றான் திடீரென்று.

"ஞாபகம் இருந்தா போடுவேன்."

"அது என்ன ஞாபகம் இருந்தா? தெனமும் போடணும். நடக்கணும். உப்பக் குறைக்கணும். கருவாடு சுத்தமா கூடாது." குரல் உயர்ந்தது. பின்னால் நின்ற ஒருவர் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார். "எனக்கு முன்னாடி நீ போயிட்டா அப்பறம் என்னை யாரு குளிப்பாட்டுவா?"

"கத்தாதல. போடுதேன்."

"இன்னைக்குப் போட்டியா?"

போடவில்லை. உள்ளே போனதும் முதல் வேலையாகப் பைக்குள் துழாவி, ரேவடிப் பொட்டலத்துக்கு அடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தேன். கதவை ஒட்டியிருந்த குடிநீர்க் குழாயில் ஒரு கையைக் குவித்துத் தண்ணீர் பிடித்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான், மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, கழுத்தை நீட்டிப் பார்த்தபடி. அவனுக்குத் தெரியும்படி மாத்திரையைத் தூக்கிக் காட்டிவிட்டு விழுங்கினேன்.